ஐரீன் ஹூடாக் துடைத்த மைதானங்கள்

ஒட்டிக் காய்ந்த சூயிங்கத்தைச் சுரண்ட அம்மா வைத்திருந்தது, பெயின்டர்கள் பட்டி பார்க்கும் தகடு. மருந்துக்கடையின் வாகன நிறுத்தத்தில், தோட்ட வேலைக்கான ரப்பர் மெத்தையைப் போட்டு அதன்மேல் மண்டியிட்டிருந்தாள். நான் வெந்நீர் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏரிக்காற்று காதை அறுத்தது.

"மூணு துப்பியிருக்கான் பாரு. ஒரே நிறம், ஒரே வாய். பன்னிப்பய."

"எந்திரிம்மா, நான் செய்றேன்."

"நீ சாக்கடையில இறங்கறவ. உன் கைய இதுல வைக்காத."

"இதுக்குக் கீழ இருக்கறதும் சாக்கடைதானே."

"மெதுவாப் பேசுடி."

சுற்றிலும் பார்த்தாள். யாரோ விட்டுப்போன ஒரு தள்ளுவண்டியைத் தவிர அங்கே எதுவும் இல்லை.

அவள் சுரண்டிக்கொண்டிருந்தது தாரில் பதித்த ஐங்கோண வெண்கலத் தகடு. பேஸ்பாலில் மட்டைக்காரன் நிற்கும் ஹோம் பிளேட்டின் அளவு, அதே வடிவம். டாக் தெரு மைதானத்தின் ஹோம் பிளேட் இங்கேதான் இருந்தது என்று அதில் பொறித்திருக்கிறது. அது பொய். பொய் என்று அம்மாவுக்கு இரண்டு வருடமாகத் தெரியும். ஆனாலும் சுரண்டினாள், வெந்நீர் ஊற்றினாள், வினிகர் போட்டுத் தேய்த்தாள். மறுநாள் சீசனின் முதல் ஆட்டம். டியூயி பார்க்ஸ் வருவார். அவர் வரும்போது தகடு பளபளவென்று இருக்க வேண்டும்.

"நாளைக்குச் சொல்லிடறேன் அவன்கிட்ட," என்றாள் எழுந்திருக்கும்போது. என் தோளைப் பிடித்துத்தான் எழுந்தாள். அந்தக் கனம் இன்னும் என் தோளில் இருக்கிறது.

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அம்மா பெயர் ஐரீன் ஹூடாக். அமெரிக்க ஏரிக்கரைத் துறைமுகமான போர்ட் கான்வேயில் பிறந்தாள், அங்கேயே செத்தாள். அவளுடைய அப்பா இரும்புத்தாது இறக்கும் துறையில் வேலை பார்த்தார். பத்தொன்பது வயதில் டாக் தெரு மைதானத்தில் இருக்கை காட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிறவர்களை அவரவர் இடத்துக்கு அழைத்துப்போய், கம்பளிக் கையுறையால் இருக்கையை ஒரு தட்டுத் தட்டித் துடைத்து, உட்காரச் சொல்வது வேலை. கையில் ஏதாவது சில்லறை திணித்துவிட்டு உட்காருவார்கள்.

இந்த ஊரின் மைதானங்களைப் பற்றி நகர நூலகத்தில் கண்காட்சியே வைத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள், தொப்பி போட்ட கூட்டம், பெருமூச்சு விடும் வாசகங்கள். அம்மா பாதியில் வெளியே வந்துவிட்டாள். அவளுக்கு அந்த வரலாறு கையுறையில் என்ன ஒட்டியது என்பதுதான்.

டாக் தெருவில் ஒட்டியது கரி. மரத்தாலான மைதானம். பின்னாலேயே தாது ரயில். ஒரு வரிசை துடைத்தால் கையுறை கறுத்துவிடும், மேல்காற்று அடித்தால் தாதுப்பொடியில் சிவந்துவிடும். பலகையின் சிலாம்பு பெண்களின் காலுறையைக் கிழிக்கும். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நல்ல இருக்கைகள். அவற்றின் அடியில் ஆண்கள் சிறுநீர் கழிக்கும் இடம்: வெள்ளை ஓடு பதித்த ஒரே நீளத் தொட்டி, தண்ணீர் ஓடாது. ஜூலை மாத மதிய ஆட்டத்தில் அந்த நாற்றம் பலகை இடுக்கு வழியாக மேலே வரும். இன்று அந்த மைதானத்துக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் யாருக்கும் அது ஞாபகம் இல்லை.

இன்னொன்றும் ஞாபகம் இல்லை. கறுப்பர்கள் வலதுகோடியில், கூரை இல்லாத பலகைப் படிகளில்தான் உட்கார வேண்டும். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதாததால் யாரும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. இருக்கை காட்டுகிறவர்கள் அந்தப் பக்கம் கையை நீட்டுவார்கள், அவ்வளவுதான்.

அப்பாவை அவள் சந்தித்தது இடதுகோடிப் பலகையில். ஆண்டி ஹூடாக், துறையிலிருந்து நேராக வந்தவர், உடம்பெல்லாம் தாதுப்பொடி. அவள் துடைத்துக் கொடுத்த பலகையில் உட்கார்ந்து எழுந்தார். சிவப்பாக அச்சு விழுந்தது.

"இப்பத்தானே துடைச்சேன்?"

"மறுபடி துடை. அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?"

"உன் பின்பக்கத்தத் துடைக்கறதுக்கா?"

அப்படித்தான் ஆரம்பித்தது என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். அம்மா ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளிப்பாள்.

இரண்டாவது மைதானம் ஊருக்கு வெளியே எழுந்தது. வட்டமான கான்கிரீட் தொட்டி. பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து இரண்டு வகை ஆட்டத்துக்கும் பொருந்தட்டும் என்று கட்டினார்கள், இரண்டுக்கும் பொருந்தவில்லை. அங்கே கையுறையில் ஒட்டியது புறா எச்சம். தரையில் புல் கிடையாது, பிளாஸ்டிக் கம்பளம். வெயிலில் ரப்பர் எரிகிற வாடை வரும். ஆட்டக்காரர்கள் துப்பும் புகையிலை எச்சில் உள்ளே இறங்காமல் கம்பளத்தின் மேலேயே உருண்டு நிற்கும். காலையில் ஒரு இயந்திரம் வந்து எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு போகும்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பேஸ்பாலில் ஊறின ஆள் செத்தால் சாம்பலில் ஒரு பிடியை மைதானத்தில் போடுவார்கள். அனுமதி கிடையாது. ஆனாலும் போடுவார்கள். கால்சட்டைப் பையில் ஓட்டை போட்டு, நடந்துகொண்டே உதிர்ப்பவர்கள் உண்டு. ஒரு குடும்பம் தங்கள் தாத்தாவை இடதுபக்கக் கம்பளத்தில் தூவிவிட்டு அழுதுகொண்டே போனது. மறுநாள் காலை இயந்திரம் அவரை உறிஞ்சியதை அம்மா பார்த்தாள். பையைக் கழற்றிக் குப்பையில் தட்டினார்கள். உள்ளே சோளப்பொரி, எச்சில், தாத்தா.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அப்பாவிடம் சொன்னாள். அப்பா சிரித்தார். பிறகு நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தபோது அவர் அதைத்தான் கேட்டார்.

"அந்தக் கம்பளத்துல மட்டும் கொட்டிடாத ஐரீன். மண்ணு இருக்கற எடமாப் போடு."

அப்பாவின் சாம்பல் இரண்டு வருடம் சமையலறை அலமாரியில் இருந்தது. அதற்குள் மூன்றாவது மைதானம் வந்தது. டாக் தெரு மைதானத்தை இடித்துத் தள்ளிய அதே ஊர், அதைப்போலவே இன்னொன்றைப் புதிதாகக் கட்டியது. இரும்புச் சட்டத்தின் மேல் பிஸ்கட் கனத்தில் செங்கல் ஓடு ஒட்டினார்கள். துருப்பிடித்தது போலத் தெரிய பெயின்ட் அடித்தார்கள். மைதானத்துக்கு முதலில் ஒரு வங்கியின் பெயர், பிறகு ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் பெயர், இப்போது ஒரு தொலைபேசிக் கம்பெனியின் பெயர். மேலே கண்ணாடி அறைகள். அவற்றில் இருப்பவர்கள் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி இறால் தின்கிறார்கள். கழிவறைச் சுவரில் டாக் தெருக் கூட்டத்தின் பெரிய படம். அம்மா அந்தப் படத்தில் இருக்கிறாள், கையுறையோடு, கை காயவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்.

அங்கே கையுறை கூடாது என்றார்கள். சுகாதார விதி. காதில் ஒரு கருவியை மாட்டி, டிக்கெட்டைச் சிவப்பு வெளிச்சத்தில் காட்டச் சொன்னார்கள்.

"துடைக்கக்கூடாதுன்னா நான் எதுக்கு? கம்பமா நான்?" என்றாள். ஒரே சீசன். விட்டுவிட்டாள்.

அந்த வருடம்தான் நகராட்சி பழைய மைதானம் இருந்த இடத்தில் வெண்கலத் தகட்டைப் பதித்தது. மேயர் நாடா வெட்டினார். தகட்டைச் சுற்றித் தாருக்கும் வெண்கலத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தார்கள், அடியில் மண். அம்மா குனிந்து அந்த இடுக்கில் அப்பாவை ஊற்றினாள். மண் இருக்கிற இடம். அவர் கேட்டது கிடைத்துவிட்டது.

அது ஊருக்கே வழக்கமாகிவிட்டது. யார் யாரோ வந்து ஊற்றினார்கள். டியூயி பார்க்ஸும் ஊற்றினார்.

டியூயி மாமா மூன்று மைதானத்திலும் வறுத்த கடலை விற்றவர். அம்மாவை "மகாராணி" என்பார், அவள் அவரைக் "கடலைக்காரா" என்பாள். முப்பது வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கித் திட்டிக்கொண்டவர்கள். அவருடைய மனைவி ஓப்பல். டாக் தெருக் காலத்தில் சேவகம் செய்த வீட்டில் யாரோ கொடுத்த நல்ல டிக்கெட்டோடு, புதுத் தொப்பி வைத்துக்கொண்டு ஓப்பல் ஒருநாள் வந்தாள். ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால், ஐந்தாவது வரிசை. அன்று அந்தப் பகுதியில் நின்றது அம்மா. டிக்கெட்டைப் பார்த்தாள். கையை வலதுகோடிக்கு நீட்டினாள்.

அம்மா அதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். "சீ" என்றுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அந்தச் சீ தனக்குத்தான்.

ஓப்பல் செத்தபோது டியூயி மாமா சாம்பலை அந்தத் தகட்டுக்குக் கொண்டுவந்தார். நாங்கள் கூடப் போனோம்.

"இருந்தப்ப பின்னாடி உக்காரக்கூட விடல," என்றார். "இப்ப பிளேட்டுலயே படுத்துக்கட்டும். எந்த நாயி எழுப்பறான்னு பாக்கறேன்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதிலிருந்து சீசனின் முதல் நாளில் இருவரும் அங்கே போவார்கள். அவர் ஒரு பிடி கடலையை உரித்துத் தகட்டின்மேல் வைப்பார். புறாக்கள் தின்னும்வரை நின்றுவிட்டு வருவார்கள்.

நான் புதைசாக்கடைப் பொறியாளர். தனியார் நிறுவனம், நகராட்சி ஒப்பந்த வேலை. இரண்டு வருடம் முன்பு மருந்துக்கடை வாகன நிறுத்தத்தில் தரை உள்வாங்கியது. பழைய குழாய் ஒன்று நொறுங்கியிருந்தது. தகட்டைப் பெயர்த்துத் தோண்டினோம். நான் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அப்பா கிடக்கும் மண் ஆயிற்றே.

மேல்மண் சுத்தமாக இருந்தது. அதை அம்மா கொண்டுவந்த வாளியில் நானே அள்ளிப் போட்டேன். முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி ஓட்டில் பட்டது. வெள்ளை ஓடு. துடைக்கத் துடைக்க நீண்டுகொண்டே போனது. நடுவில் பள்ளம், முடிவில் ஈயச் சல்லடை. ஐம்பது வருடம் மண்ணுக்கடியில் கிடந்தும் அந்த வாடை போகவில்லை. எனக்கு மூக்கு மரத்துப்போன தொழில். நானே முகமூடியை எடுத்து மாட்டினேன்.

அம்மா குழியின் ஓரத்தில் வாளியோடு நின்றாள்.

"இது ஆம்பளைங்க ஒண்ணுக்குப் போற தொட்டி," என்றாள்.

வேலையாட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்கள்.

"இது தொட்டிடி, மார்சி. நான் தினம் இதத் தாண்டிப் போவேன் மூக்கப் பொத்திட்டு. ஹோம் பிளேட்டு இங்க இல்ல. எங்கயோ உள்ள தள்ளி இருக்கு."

அன்றே அலுவலகத்தில் பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். தவறு எளிமையானது. வரைபடத்தில் ஹோம் பிளேட்டின் தூரம் டாக் தெருவின் நடுக்கோட்டிலிருந்து கொடுத்திருக்கிறது. பின்னால் தெருவை அகலப்படுத்தியபோது எதிர்ச்சாரி வீடுகளை இடித்தார்கள். நடுக்கோடு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. நகராட்சியின் பாரம்பரியக் குழு புதிய நடுக்கோட்டிலிருந்து அளந்து தகட்டைப் பதித்தது. தெரு அகலமானது ஊருக்கே தெரியும். அளந்தவனுக்குத் தோன்றவில்லை.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு அந்தக் குழுவின் செயலரிடம் போனாள். சின்ன வயது, நல்ல சட்டை, பணிவான குரல்.

"மேடம், அது ஒரு அடையாளம்தான். மக்களோட உணர்வுக்காக வெச்சது. துல்லியம் முக்கியமில்ல."

"தம்பி, உங்க தாத்தாவ எங்க பொதைச்சீங்க?"

"செயின்ட் சிரில் கல்லறையில..."

"அந்தக் கல்ல எடுத்துட்டுப் போயி பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்ல நட்டு வெச்சுட்டு, அடையாளம்தான்னு சொன்னா சரின்னுடுவீங்களா?"

அவர் தண்ணீர் குடித்தார். தகட்டை நகர்த்தினால் தவறு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதைப் பத்து வாக்கியத்தில் சொன்னார். குழியை மூடினார்கள். தகட்டை அதே இடத்தில், அதே தொட்டிக்கு மேல், புதுத் தாரில் பதித்தார்கள். மிச்ச மண் குப்பைமேட்டுக்குப் போனது. அந்த மண்ணில் யார் யாருடைய ஆட்களோ இருந்தார்கள்.

வாளி எங்கள் கார் கொட்டகைக்கு வந்தது. அப்பாவும் ஓப்பலும் கலந்து.

"ரெண்டு பேரும் உசுரோட இருந்தப்ப ஒருத்தர ஒருத்தர் பாக்கவே ஆகாது," என்றாள் அம்மா. "உங்கப்பா புகையிலை துப்பறதப் பாத்து ஓப்பல் வாந்தி எடுத்திருக்கா. இப்பப் பாரு, ஒரே வாளியில."

சிரித்தாள். பிறகு வாளியின் மூடியை அழுத்தி மூடினாள்.

"டியூயிகிட்ட சொல்லிட்டியாம்மா?"

"என்னன்னு சொல்ல? உன் பொண்டாட்டிய நான் ஒருதரம் அனுப்பினது பத்தாதுன்னு, இப்ப மூத்திரத் தொட்டிக்கு அனுப்பிட்டோம்னா?"

"நீ அனுப்பல. குழு அனுப்பிச்சு."

"அவன் பக்கத்துல நின்னது யாரு? கையப் பிடிச்சது யாரு?"

சரியான இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவியைக் கொண்டுபோய் அளந்தேன். பழைய நடுக்கோட்டுக்கு ஆதாரமாக ஒரு தேவாலயத்தின் மூலைக்கல் இருந்தது, அது போதும். ஹோம் பிளேட் மருந்துக்கடையின் பின்பக்கத்தில், கோழி வறுவல் கடையின் எல்லைக்குள் விழுந்தது. கடையின் இரும்புக் குப்பைத்தொட்டிக்கு நேர் அடியில்.

எலும்பு, கருகிய எண்ணெய், புழு. தொட்டியின் மூலையிலிருந்து பழுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மா வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டாள்.

"இதானா?"

"இதான்."

"ஒரு நாத்தத்துலேருந்து இன்னொரு நாத்தத்துக்கு வாடா கடலைக்காரான்னு எப்படிக் கூப்பிடுவேன்? மொதல்ல இத நகத்த வைக்கறேன். அப்புறம் சொல்றேன்."

கோழிக்கடை மேலாளரிடம் போக ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாரமும் ஒரு பொட்டலம் வறுத்த கால் வாங்குவாள், நகர்த்தச் சொல்வாள். கோழி அவளுக்கு ஆகாது, நான்தான் தின்றேன். குப்பை வண்டிக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை, தரை சரியில்லை, பனி உருகட்டும் என்று ஏதாவது சொல்வான்.

"பாட்டி, ஒரு குப்பைத்தொட்டிக்கு இவ்வளவு ஆசையா?"

"ஆசை இல்லப்பா. அங்க ஒருத்திக்கு எடம் பிடிச்சு வெச்சிருக்கேன். ஐம்பது வருசம் லேட்டு."

அவனுக்குப் புரிந்திருக்காது.

மண்ணைப் பிரிப்பதற்காக இன்னொரு வாளியும் வாங்கி வைத்தாள். ஒரு பாதியை டியூயியிடம் கொடுத்து, அவர் கையாலேயே ஓப்பலைச் சரியான இடத்தில் போடச் செய்ய வேண்டும். அப்பாவின் பாதிக்கு அவள் வேறு இடம் பார்த்திருந்தாள்: இடதுகோடிப் பலகைகள் இருந்த இடம், பேருந்து நிழற்குடைக்குப் பின்னால் ஒரு துண்டுப் புல்தரை. "எது யாருன்னு எப்படிம்மா பிரிப்ப?" என்றேன். "கொஞ்சம் உங்கப்பாவும் அவகூடப் போகட்டும். துப்பாம இருக்கக் கத்துக்கட்டும்," என்றாள்.

இந்த வருடம் முதல் ஆட்டத்தன்று அவர்கள் போய்வந்ததும் கேட்டேன்.

"சொன்னியா?"

"கடலைய உரிச்சு வெச்சான். 'ஓப்பல், மகாராணி உன் எடத்தத் தொடைச்சு வெச்சிருக்கா பாரு'ன்னான்." காலணியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். "தொடைச்சு வெச்சிருக்கேனாம்."

அந்த வாரமே சமையலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. கையில் பாத்திரம் துடைக்கும் துணி இருந்தது.

அடக்கப் பூசையில் டியூயி மாமா முன்வரிசையில் உட்கார்ந்தார். எழுந்திருக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. வாசலில் என் கன்னத்தைத் தட்டினார்.

"சாம்பல் எப்பம்மா தருவாங்க?"

"அடுத்த வாரம், மாமா."

"பிளேட்டுக்குத்தானே கொண்டு வருவ? ஓப்பல் பக்கத்துல. உங்கம்மா அவள வலதுகோடிக்கு அனுப்பினது எனக்குத் தெரியும்னு உங்கம்மாவுக்குத் தெரியாது. ஓப்பல் அன்னைக்கே வந்து சொல்லிட்டா. நான்தான் மகாராணிகிட்ட கேட்டுக்கல. கேட்டா அழுவா, அப்புறம் யாரு என்னத் திட்டறது?" அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும். பேசித் தீத்துக்கட்டும்."

அந்தத் தொட்டி ஓட்டின் வாடை எனக்கு மூக்கில் வந்தது.

"மாமா, அம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தா."

"என்ன?"

பின்னால் ஆட்கள் நின்றார்கள். பூ வைத்திருந்தார்கள்.

"நேர்ல வீட்டுக்கு வந்து சொல்றேன்."

"வா. வரும்போது கடலை வாங்கிட்டு வா. நான் விக்கறத நிறுத்தியாச்சு."

நேற்று வேலை முடிந்து கோழிக்கடைப் பின்பக்கம் வண்டியை விட்டேன். குப்பைத்தொட்டியை நகர்த்தியிருந்தார்கள். இரண்டு கார் தூரம் தள்ளி, வேலி ஓரமாக. மேலாளர் வெளியே வந்து, "பாட்டி எங்க, இந்த வாரம் காணோமே? நகத்தினதப் பாத்துட்டாங்களா?" என்றான். அம்மா செத்துப்போனதை நான் சொன்னேன். அவன் தன் தொப்பியைக் கழற்றினான்.

தொட்டி நின்ற இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம். பல வருட எண்ணெய், விரல்கனம். காலால் தேய்த்தால் இழுபடுகிறது. ஈ மொய்க்கிறது. பட்டித் தகடும் வெந்நீரும் அதற்குப் போதாது, காஸ்டிக் சோடா வேண்டும், கம்பித் தூரிகை வேண்டும்.

கொட்டகையில் மண் வாளியின் மூடிமேல் அவளுடைய கம்பளிக் கையுறை கிடக்கிறது. பக்கத்தில் புது வாளி, விலைச்சீட்டு கிழிக்காமல், காலியாக. மண்ணை அவள் பிரிக்கவில்லை. டியூயியிடம் அவள் சொல்லவில்லை.